விளக்கு நீங்க ஏத்துங்க, அத்தை

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எங்கள் ஓட்டக் குழுவை நடத்துகிற ஜெபராஜ் அண்ணாச்சியின் உத்தரவு: ஜனவரி மராத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் இன்று முதல் டைரி எழுத வேண்டும். எவ்வளவு ஓடினோம், என்ன தின்றோம், எங்கே வலிக்கிறது, எல்லாம். "பொய் எழுதாதீங்க. அத நான் படிக்கப் போறதில்ல, நீங்கதான் படிப்பீங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் இருந்து விசிலைக் கழற்றவில்லை.

வீட்டில் எழுதாத டைரி ஒன்றுதான் இருந்தது. என் வீட்டுக்காரருடைய மோட்டார் உதிரி பாகக் கடைக்குப் பிஸ்டன் கம்பெனிக்காரன் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "ஆயில் குறைந்தால் வண்டியை ஓட்டாதீர்" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறான். பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிற எனக்கே பாடம்.

முதல் பக்கம் என்பதால் முறைப்படி: பெயர் உலகநாயகி, வயது முப்பத்தேழு, ஊர் பாளையங்கோட்டை. இந்த வாரம் ஓடியது 42 கிலோமீட்டர். ஒரு வாரம் முழுக்க ஓடிய அதே தூரத்தைத்தான் ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரே காலையில் ஓட வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பேன். எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிப் பேச முடியாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எங்கள் குழுவில் இருபது பேர். ஞாயிறு நீள ஓட்டம் முடிந்ததும் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் அந்த வாரக் கணக்கைச் சொல்ல வேண்டும். யார் அதிகம் ஓடினார்களோ அவர்களுக்கு மற்றவர்கள் கால் கிலோ அல்வா வாங்கித் தருவார்கள். எந்தப் புண்ணியவான் தொடங்கிய வழக்கமோ தெரியாது. திருநெல்வேலிக்காரர்களுக்கு அழுகைக்கும் அல்வா, சிரிப்புக்கும் அல்வா.

இந்த வாரம் ஒரு பேங்க் மேனேஜர் வாங்கிக்கொண்டு போனார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. கடைசி இடம் வழக்கம்போல் மெஹர். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், முப்பது வயது, எல்லோருக்கும் பின்னால் பேசிக்கொண்டே ஓடி வருவாள். கடைசியாக வருவதில் அவளுக்குத் துளிகூட வெட்கமில்லை. எனக்கானால் அந்த டப்பா மேல்தான் கண்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

70 கிலோமீட்டர். அல்வா எனக்கு!

பயிற்சிக் காலத்தில் நான் இனிப்புத் தொடுவதில்லை, சோறும் பாதியாக்கிவிட்டேன். எடை குறைந்தால் வேகம் கூடும், இது எளிய இயற்பியல். டப்பாவை அத்தையிடம் கொடுத்தேன். மாமியாருக்கு அறுபத்தெட்டு வயதிலும் சர்க்கரை கிடையாது, நாக்கு மட்டும்தான் உண்டு. "நீ ஓடு, நான் திங்கேன். நல்ல ஏற்பாடாத்தான் இருக்கு" என்று நெய் வழிய விரலை நக்கினார்.

ஆகஸ்ட் 28, புதன்

எங்கள் வீட்டில் சாயங்கால விளக்கு என் வேலை. கல்யாணமாகி வந்த வாரமே அத்தை தீப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். மாதத்தில் தூரமாகிற மூன்று நாள் மட்டும் அது அவர் கைக்குத் திரும்பிப் போகும். அதைத் தெரிவிக்க எங்களுக்குள் ஒரே வாக்கியம்: "விளக்கு நீங்க ஏத்துங்க, அத்தை." இதெல்லாம் எந்தக் காலத்து வழக்கம் என்று முதல் வருடம் சண்டை போட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

பிள்ளைக்காகச் சிகிச்சைக்கு அலைந்த நான்கு வருடங்களில்தான் அந்த வாக்கியம் கனத்துப்போனது. நான் சொல்வேன். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டித் தீப்பெட்டியை வாங்கிக்கொள்வார். திட்டியிருந்தாலும் தேவலை. போதும் என்று நானும் இவரும் முடிவெடுத்து இரண்டு வருடமாகிறது. அதற்கு அடுத்த மாதம்தான் ஷூ வாங்கினேன். அந்த அத்தியாயம் மூடியாயிற்று. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

எழுத வந்தது வேறு. இந்த மாதம் அந்த வாக்கியத்துக்கு வேலை வரவில்லை. போன மாதமும் பெயருக்கு ஒரு நாள்தான். ஒரு விதத்தில் வசதி, நீள ஓட்டத்தில் தொல்லை இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

94. மறுபடியும் அல்வா.

அண்ணாச்சிக்குத் திருப்தியில்லை. "தங்கச்சி, ஒரு மாசத்துல இவ்வளவு ஏத்துவாங்களா? பையப் பைய ஏத்தணும். மூணு வாரம் ஏத்துனா ஒரு வாரம் எறக்கணும்" என்றார். சரி அண்ணாச்சி என்றேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

அவர் ஓடிய காலம் வேறு. நான் இணையத்தில் ஒரு பயிற்சித் திட்டம் பார்த்து வைத்திருக்கிறேன். வாரம் 120 என்று போட்டிருக்கிறது. அது யாருக்கான திட்டம் என்று மேலே ஏதோ எழுதியிருந்தது, அதைப் படிக்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

காலை 14, மாலை 8. வலது கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் லேசான வலி. குறிப்பிடத் தேவையில்லாதது.

செப்டம்பர் 22, ஞாயிறு

108. அல்வா. பேங்க் மேனேஜர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் சிரிப்பதில்லை.

குறிப்பிடத் தேவையில்லாதவை: அந்த வலி ஓட ஆரம்பித்த இரண்டாவது கிலோமீட்டரில் மறைந்துவிடுகிறது, படி இறங்கும்போது திரும்பி வருகிறது. விரலால் தொட்டால் ஒரே ஒரு இடம். இரவு எட்டு மணிக்கே கண் சொருகுகிறது, ஆனால் படுத்தால் தூக்கமில்லை. புரட்டாசி வெயிலிலும் கை சில்லென்றிருக்கிறது. குளியலறைச் சாக்கடை வாயில் என் முடி பந்து பந்தாக. வியாழக்கிழமை ஒரு பையன் சுலபமான கணக்கில் சந்தேகம் கேட்டதற்கு அழுகை வந்துவிட்டது, எனக்கு.

இவர் நேற்றுச் சொன்னார்: "உலகு, வண்டிக்கே சர்வீஸுன்னு ஒண்ணு உண்டு." நான் வண்டி இல்லை என்றேன். "வண்டின்னா நான் சொன்னபடி கேட்டிருக்கும்" என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கமாக அவர் பேச்சுக்கு முதலில் சிரிப்பது நான்தான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

முப்பது கிலோமீட்டர் ஓடி வந்து, புழக்கடையில் வாந்தி எடுத்தேன். வெறும் வயிற்றில் ஓடினால் அப்படித்தான். நிமிர்ந்து பார்த்தால் அத்தை வாசற்படியில் சொம்புத் தண்ணீரோடு நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. மருமகள் வாந்தியெடுக்கிறதைப் பார்த்துச் சிரிக்கிற மாமியாரை இன்றுதான் பார்க்கிறேன்.

ஓடிவிட்டு வந்தால் நான் தின்பது பப்பாளி. காலையில் அறுத்து வைத்ததைக் காணவில்லை. கேட்டால், "பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன். அது சூடுளா. மாதுளை உரிச்சு வச்சிருக்கேன், அதத் தின்னு" என்றார். பதினோரு வருடமாக இல்லாத சூடு.

அக்டோபர் 6, ஞாயிறு

112. அல்வா. அத்தை டப்பாவைத் திறந்து முதல் துண்டை என் வாயில் ஊட்ட வந்தார். வேண்டாம் என்றேன். பாலில் குங்குமப்பூ போட்டுக் கொண்டுவந்தார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால் இவரைக் கூப்பிடுகிறார். நவராத்திரிக்கு வந்த சொந்தக்காரப் பெண்ணிடம் சமையற்கட்டில் ஏதோ குசுகுசு, நான் போனதும் பருப்பு விலையைப் பற்றிப் பேசினார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது அத்தை சொன்னார்: "ஏளா உலகு, இந்த ஓட்டத்த ஒரு பத்து மாசம் நிறுத்தி வச்சா யாரு உன்னக் கேக்கப் போறா? தூத்துக்குடி அங்கனயேதான் கெடக்கும்."

பத்து மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இவர் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. சாயங்காலம் விளக்கேற்றித் திரும்பினால் அத்தை கையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். ஆடிப் பூரத்தன்று கோயிலில் அம்மனுக்குச் சாத்தி எடுத்தவை. உட்கார வைத்துக் கையில் போட்டுவிட்டார். போட்டு முடித்ததும் சொன்னார்: "நீயா சொல்லுவன்னு பாத்தேன். நவராத்திரி முச்சூடும் விளக்கு நீதான் ஏத்துன. புரட்டாசி பொறந்ததுல இருந்தே நீதான். ஆவணிலயும் நீதான். நாள் தள்ளிப் போயிருக்குல்லா?"

நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை. என் தீப்பெட்டியை அத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

இவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிகிச்சையை விட்ட நாளில் இருந்து அவர் முகத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. எழுந்து வந்துவிட்டேன். நான் வெட்கப்படுகிறேன் என்று அத்தை நினைத்திருப்பார்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஓடப் போகவில்லை. இந்த டைரியில் முதல் ஞாயிறு விடுமுறை.

போன் செய்து கேட்டதும் மெஹர் கடையிலிருந்து கர்ப்பப் பரிசோதனை அட்டை கொண்டுவந்தாள். எனக்கு நன்றாகப் பழக்கமான அட்டை. முதல் கோடு வந்தது. இரண்டாவது கோட்டுக்காகக் குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றேன். அத்தியாயம் மூடியாயிற்று என்று எழுதினேன் அல்லவா, அது பொய். நின்ற நேரம் முழுக்க வேண்டிக்கொண்டே இருந்தேன். பெயர்கூட யோசித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

இரண்டாவது கோடு வரவில்லை.

மெஹர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "அப்ப எதுக்கு அக்கா வரல? மூணு மாசமா வரலன்னா அது ஒரு கேள்வியில்லையா? ஓடுற பொம்பளைகளுக்கு இப்பிடி நிக்கிறது நல்லதுக்கில்லன்னு படிச்சிருக்கேன். டாக்டரப் பாருங்க" என்றாள். மராத்தான் முடியட்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். இவர் போய் அத்தையிடம் சொன்னார். துக்கத்தைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் இருந்தது, இதற்கு அதுவும் உதவாது. ஆறு மணிக்கு நான் போனபோது தீப்பெட்டி இடத்தில் இல்லை. அத்தை ஏற்கெனவே விளக்கேற்றிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வளையலைக் கழற்றப் போனேன். திரும்பாமலே சொன்னார்: "கெடக்கட்டும். கைக்கு நல்லாத்தான இருக்கு."

அக்டோபர் 20, ஞாயிறு

126. இதுவரை எங்கள் குழுவில் யாரும் ஓடாத வாரம்.

காலையில் ஓடினேன், மாலையில் ஓடினேன். வீட்டில் இருக்க முடியவில்லை. ஓடும்போது மட்டும் எதுவும் கேட்பதில்லை, வளையல் சத்தம் தவிர.

அத்தை அல்வா டப்பாவைத் திறக்கவில்லை. கேட்டதற்கு இப்ப வேண்டாம் என்றார்.

அக்டோபர் 24, வியாழன்

அல்வாவை எறும்பு தின்கிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியல், காலை 16 கிலோமீட்டர். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறேன். இவர் பார்த்துவிட்டார். பாவாடை தடுக்கிற்று என்றேன். நான் போட்டிருந்தது சுடிதார்.

நவம்பர் 3, ஞாயிறு

இடது கையால் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் எழுதுகிறேன், கரண்ட் இல்லை.

இன்று 32 திட்டம். ஆற்றோரச் சாலையில் இருபத்தாறு வரை நன்றாகத்தான் போனேன். அப்புறம் காலுக்குள் பட்டென்று ஒன்று. சத்தம் கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. அடுத்த அடியை ஊன்ற முடியவில்லை. இன்னும் ஆறுதானே என்று நொண்டிக்கொண்டு ஒரு தந்திக் கம்பம் வரை போனேன். ஆமாம், போனேன். அங்கே உட்கார்ந்தவள் எழவில்லை.

முன்னால் போனவர்கள் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் பின்னால் வருகிறவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். மெஹர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வேகமாக ஓடி வந்தாள். "அக்கா, காலக் கீழ ஊனாதீங்க. ஊனுனீங்கன்னா அடிப்பேன்." ஆட்டோவில் அவள் மடியில் கால் நீட்டி வந்தேன். அழுதேன். வலிக்காக என்று அவளிடம் சொன்னேன்.

நவம்பர் 5, செவ்வாய்

எலும்பு டாக்டர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், சிரிக்காமல் பேசுகிறவர். ஸ்கேனைப் பார்த்தார். முன்னெலும்பில் மயிரிழை விரிசல். அது ஞாயிற்றுக்கிழமை வந்ததல்ல, பல வாரமாக விரிந்துகொண்டு வந்ததாம். வாரம் எவ்வளவு ஓடுவீர்கள் என்றார். சொன்னேன். எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்றார். சொன்னேன். அப்புறம் தலையை நிமிர்த்திக் கேட்டார்: "பீரியட்ஸ் கடைசியா எப்ப வந்துச்சு?"

கால் எலும்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இயற்பியல் வாத்தியார் கேட்கிற கேள்வி.

"ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். நீங்க திங்கிறது கொஞ்சம், ஓடுறது மலை மாதிரி. மிச்சம் உடம்புக்கு ஒண்ணுமில்ல. அப்ப உடம்பு என்ன செய்யும்? எது இல்லாம உயிரோட இருக்கலாமோ அத முதல்ல நிறுத்தும். அதான் பீரியட்ஸ். அது நின்னா எலும்புக்கு வேண்டிய ஹார்மோனும் குறையும். தினமும் ஓடி எலும்புல வர்ற சின்னச் சின்ன சேதத்த சரி பண்ண ஆளில்ல. உங்க உடம்பு மூணு மாசமா லெட்டர் போட்டிருக்கு, நீங்க பிரிக்கல."

வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். ஊன்றுகோல் ஆறு வாரம். தூத்துக்குடி கிடையாது. நான் கேட்கும் முன்பே கிடையாது என்றார். நன்றாகச் சாப்பிட்டு, ஓய்வெடுத்தால் எலும்பும் கூடும், நின்றுபோன மாதவிலக்கும் திரும்பி வரும் என்றார். வரும் என்று அவர் சொன்னதை நான் இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நானே சொன்னேன், இவரை அனுப்பவில்லை. பிள்ளை இல்லை என்பதை மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அத்தை முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அத்தை அழுதார். ஆனால் அதற்கில்லை.

"சாப்பிடாமலா ஓடுன? இந்த வீட்டுல அரிசி இல்லையா, பருப்பு இல்லையா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உன் சோத்தையில்ல நான் தின்னுருக்கேன், அல்வா அல்வான்னு! எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாளா? நான் பாட்டுக்கு வயித்துல பிள்ளன்னு நெனச்சு..." மூக்கைச் சிந்தினார். "பிள்ள வந்தா வரட்டும், வராட்டா போகட்டும். எனக்கு நீ வேணும்."

பதினோரு வருடத்தில் இதை அவர் சொன்னதில்லை. நானும் அழுதேன். இவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகாமல் சமையற்கட்டுக்குப் போய் உப்புமா கிண்டினார். உப்பே இல்லை. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார், கையில் அரைக் கிலோ அல்வா. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தின்னு, நான் பாக்கணும்" என்றார். தின்றேன். எத்தனையோ வாரம் ஜெயித்த அல்வா, ருசி இன்றைக்குத்தான் தெரிகிறது. ஊரெல்லாம் அல்வா கொடுத்து ஏமாற்றுவார்கள், நான் அல்வா வாங்கி வாங்கி என் உடம்பையே ஏமாற்றியிருக்கிறேன்.

வேப்பமரத்தடியில் இனிமேல் கணக்குச் சொல்வது கிடையாதாம். "அன்னைக்கே நிறுத்தியிருக்கணும். எனக்கும் அல்வா பிடிக்கும், அதான்" என்றார். விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 24, ஞாயிறு

ஓடாமல் மூன்றாவது ஞாயிறு. மழை. ரத்தப் பரிசோதனையில் வேறு கோளாறு இல்லை.

பொய் எழுதாதே என்று அண்ணாச்சி சொன்னாரே என்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். குறிப்பிடத் தேவையில்லை, குறிப்பிடத் தேவையில்லை என்று எத்தனை இடத்தில்! எங்கே வலிக்கிறது என்று எழுதச் சொன்னால், எங்கே வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் அடியில் சிவப்பு எழுத்தில் ஆயில், ஆயில் என்று அந்தக் கம்பெனிக்காரன் கத்தியிருக்கிறான்.

இப்போது எழுதிப் பார்க்கிறேன். நான்கு வருடம் என் உடம்பு நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஊசிக்குக் கேட்கவில்லை, மாத்திரைக்குக் கேட்கவில்லை, வேண்டுதலுக்குக் கேட்கவில்லை. முதன்முதலில் ஓடியபோது, நட என்றால் நடந்தது, ஓடு என்றால் ஓடியது. அந்த சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் எவ்வளவு சொன்னாலும் கேட்கும் என்று நினைத்துவிட்டேன். அது சொன்னதை நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார், முதல் தடவையாகச் சிரித்தார். இன்னும் ஓட்டம் இல்லை, நடக்கலாம். மருத்துவமனை வாசலில் இருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். இவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே கூட வந்தார். ஏறிக்கொள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எடை கூடியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் "மிஸ், அழகாயிட்டீங்க" என்றார்கள். மற்றது இன்னும் வரவில்லை. விளக்கு நான்தான் ஏற்றுகிறேன். ஏற்றும்போது அத்தை என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

பழைய டைரி தீர்ந்துவிட்டது. இவர் புதிது கொண்டுவந்தார், இந்த வருடம் டயர் கம்பெனி. பக்கத்தின் அடியில் "காற்று போதுமா, பார்த்துக்கொள்ளுங்கள்." இவர்கள் விடப்போவதில்லை.

தூத்துக்குடி போனேன், ஓட இல்லை. முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுக்கும் மேஜையில் நின்றேன். என் நான்கு மணி நேரக் கூட்டம் கடந்து போனபோது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பேங்க் மேனேஜரும் போனார், வாழைப்பழம் கொடுத்தேன். "டீச்சர், அடுத்த வருஷம் வாங்க. நீங்க இல்லாம போரடிக்கு" என்றார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது.

கூட்டம் வடிந்த பிறகு, கடல் பக்கத்து வெயிலில் மெஹர் வந்தாள். வாரம் ஐம்பதுக்கு மேல் ஒரு நாளும் ஓடாதவள். முகம் உப்பேறி வெள்ளையாக இருக்கிறது, வாய் மட்டும் ஓயவில்லை: "அக்கா, வாழைப்பழம் ரெண்டா குடுங்க. யாரும் இல்லல்லா!" கடைசிக் கிலோமீட்டரில் அவள் பக்கத்தில் நடந்தேன். அவள் ஓடினாள், நான் நடந்தேன், வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவுக்கோட்டில் அவளுக்குப் பதக்கம் போட்டபோது நான் விசிலடித்தேன். அண்ணாச்சியின் விசிலைப் பறித்து அடித்தேன்.

பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

டாக்டர் சொன்னபடி: ஐந்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். அந்த ஒரு நிமிடத்தில் சிரித்துவிட்டேன். எதிரே நடை பயின்ற பெரியவர் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தார்.

வலி: இல்லை. இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவப் போனவள் குளியலறையிலேயே நின்றுவிட்டேன். அதே சுவர். நான்கு வருடம் மாதாமாதம் எதைப் பார்த்து அந்தச் சுவரில் சாய்ந்து அழுதேனோ, அதைப் பார்த்து இன்று சிரிக்கிறேன். கொஞ்சம் அழுகையும்தான். வந்துவிட்டது. டாக்டர் சொன்னது பொய்யில்லை. நான் மறுபடியும் உள்ளேயிருந்து சரியாகிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வந்தேன். ஆறு மணி. அத்தை கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"விளக்கு நீங்க ஏத்துங்க, அத்தை."

அத்தையின் கை அவரைக்காயில் அப்படியே நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "மெய்யாவா?" என்றார். தலையாட்டினேன். முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் அவரைக்காயெல்லாம் தரையில் சிதறியது. வழக்கம்போல் கையை நீட்டவில்லை. என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏத்துதேன் தாயி, ஏத்துதேன். மூணு நாளும் நான்தான் ஏத்துவேன். உளுந்து ஊறப் போடணும், கருப்பட்டி இருக்கா பாரு, நல்லெண்ணெய் இருக்கு" என்றார். வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கிண்டிக் கொடுக்கிற உளுந்தங்களி. எனக்கு அடுத்த மாதம் முப்பத்தெட்டு வயது என்றேன். "இருந்தா என்ன? ரெண்டாம் மட்டம் சமைஞ்சிருக்க" என்றார்.

பூஜை அறையில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. அத்தை தனியாக நின்று, ஊர் கேட்கக் குலவை போட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கடையிலிருந்து வந்து புழக்கடையில் குளித்துக்கொண்டிருந்த இவர், என்னமோ ஏதோ என்று தலையெல்லாம் சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

களி இரண்டு உருண்டை சாப்பிட்டேன். மூன்றாவதையும் தின்னாமல் அத்தை விடவில்லை.

நாளை: இரண்டு கிலோமீட்டர். பைய.